பாதி மணி

நான் பதினொன்றாம் வகுப்பு 'இ' பிரிவுக்கு வரலாறு நடத்துகிறேன். இந்த வகுப்பில் விவாதித்து எது முடிவாகிறதோ, அது அன்று மாலை நான்கு மணிக்குள் நடந்ததாகிவிடும். மற்றப் பிரிவுகளில் இந்த வசதி இல்லை. அவர்கள் கைடு வாங்கிப் படிக்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் முதல் உலகப் போரை எடுத்தோம். அதைப் பேசித் தீர்த்திருக்கலாமா, முடியாதா என்பது தலைப்பு. தீர்த்திருக்கலாம் என்ற பக்கம் ஜெயித்தது. நாலு மணிக்குப் பாடப்புத்தகத்தில் இருபத்தாறு பக்கம் வெள்ளையாகிவிட்டது. பிள்ளைகள் அதில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

இரண்டாம் உலகப் போரை இனி முதல் உலகப் போர் என்றே அழைக்க வேண்டும் என்று ஜூலையில் சுற்றறிக்கை வந்தது. அது எங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் போரையும் தீர்த்துவிட்டோம்.

ஹெச்.எம். ஒன்றும் குறை சொல்லவில்லை. பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்று மட்டும் கேட்டார். 'சமாதானமாகப் போனார்கள்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அது ஒரு வரிதானே, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து வரியாவது வேண்டாமா என்றார். அவர் கவலையும் நியாயம்தான். ஒவ்வொருவராகச் சமாதானமாகப் போனார்கள் என்று நாடுவாரியாக எழுதச் சொன்னேன்.

வகுப்பில் பதினோரு பெஞ்சு. பதினோரு நாடு. ரப்பர் இரவல் வேண்டுமானால்கூடத் தூது அனுப்ப வேண்டும். மின்விசிறி ஒன்றுதான் உண்டு. அதற்காக மூன்றாம் பெஞ்சும் எட்டாம் பெஞ்சும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டன. பிறகு மூன்றாம் பெஞ்சின் இசக்கிராஜாவும் எட்டாம் பெஞ்சின் தமீமும் இரண்டு பீரியட் உட்கார்ந்து பேசி ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அதன்படி மின்விசிறி ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை கூரையிலேயே நடந்து அடுத்த பெஞ்சுக்குப் போகிறது. சில சமயம் ஐந்தாம் பெஞ்சுக்கு மேலே நின்று மூச்சு வாங்கும். அதற்கும் உடன்படிக்கையில் இடம் விட்டிருந்தார்கள்.

எனக்கு இந்தப் பிள்ளைகள் என்றால் உயிர். இதை அவர்களிடம் சொன்னதில்லை. விவாதத்தில் நான் நடுவர். நடுவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. அதை நான்தான் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. விவாதம் பாதி போனதும் பித்தளை மணியை அடிப்பேன். உடனே ஒட்டிப் பேசியவர்கள் வெட்டிப் பேச வேண்டும். வெட்டிப் பேசியவர்கள் ஒட்டிப் பேச வேண்டும். எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட வேண்டும். மணிக்குப் பிறகு பேசியதை மட்டும்தான் தீர்ப்புக்கு எடுத்துக்கொள்வேன். மனசில் இருப்பதைப் பேச யாராலும் முடியும். அதற்கு டீக்கடை போதும், என் வகுப்பு எதற்கு?

ஆசிரியர் அறையிலிருந்து 'இ' பிரிவுக்குப் போகும் வராந்தா, மிச்சமிருக்கும் பாடத்தின் அளவுக்கு நீளமாக இருக்கும். ஜூனில் அதைக் கடக்க இருபது நிமிஷம் ஆகும். தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அது ஒரே எட்டாகிவிட்டது. ஒரு கால் ஆசிரியர் அறையில் இருக்கும்போதே மறு கால் வகுப்பில் இருந்தது. புத்தகத்தில் ஒன்பது பக்கம்தான் மிச்சம். அதில் மூன்று பக்கம் முன்னுரை.

அன்றைக்குத்தான் உபரிகள் அலுவலகத்திலிருந்து வரதப்பன் வந்தார்.

தேவைக்கு மேல் இருக்கும் ஆசிரியரை எங்கள் துறையில் உபரி என்பார்கள். உபரியான ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது வழக்கம். வரதப்பனின் அலுவலகம் அதற்கு ஒரு படி மேலே. அவர்கள் யாரையும் எங்கும் மாற்றுவதில்லை. இல்லாமல் ஆக்கிவிடுவார்கள்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளம். அவர் உயரத்தில் பாதிக்கு ஒரு டிபன் கேரியர் வைத்திருந்தார். வந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்தார். என் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அமலோற்பவம் என்று சொல்லியிருப்பேன். பையிலிருந்து ஸ்டிக்கர்களை எடுத்து பீரோவில் ஒன்று ஒட்டினார், உலக உருண்டையில் ஒன்று ஒட்டினார், என் தோளில் ஒன்று ஒட்டினார். பீரோ பதினாறு. உருண்டை பதினேழு. நான் பதினெட்டு.

இருபத்திரண்டு வருஷ வேலையில் நான் யார் மேலும் இப்படிக் கோபப்பட்டதில்லை. கை நடுங்கியது. அந்த டிபன் கேரியரைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தால் எங்கே போய் விழும் என்று மனசுக்குள் அளந்துகூடப் பார்த்தேன். எறியவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் இருந்தது.

நான் இருந்ததற்கான படிவம் அது. மூன்று பிரதி. கடைசியாக எப்போது இருந்தீர்கள் என்பது முதல் கேள்வி. 'இப்போது' என்று எழுதினேன். ஆதாரம் இணைக்க வேண்டும் என்றார். என்னையே இணைக்கலாமா என்று கேட்டேன். ஸ்டேப்ளர் கொள்ளாது என்றார்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

"தப்பே இல்லம்மா," என்றார். "நல்லா நடத்திட்டீங்க. நடத்தி நடத்தி வரலாறு தீந்துபோச்சு. வரலாறு இல்லாத எடத்துல வரலாற்று டீச்சர் எதுக்கு?"

நாலு மணிக்குள் உத்தரவு போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு, எண் போடப் பெஞ்சுகளைத் தேடிப் போனார்.

நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே டோக்கன் கொடுப்பவர் ஒரு தூதர். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை என் வகுப்பு ஒரு பேரரசைத் தேவையில்லை என்று முடிவு செய்தது. நாலு மணிக்கு அது இல்லாமல் போயிற்று. அதன் தூதர் மட்டும் அந்த நேரம் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததால் மிச்சமாகிவிட்டார். சட்டை நிறையப் பதக்கம் குத்தியிருப்பார். எங்கள் ஊர்ப் பேச்சைப் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டார். இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாது டீச்சர்," என்றார். "பசிக்கும். தூக்கம் வரும். மழ பெஞ்சா நனையும். கையெழுத்து மட்டும் விழாது, பேனா சும்மா வழுக்கிக்கிட்டுப் போவும்."

பள்ளிக்கூடத்துக்குள் விடுவார்களா என்று கேட்டேன். சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் விடுவார்கள் என்றார். சம்பளம் போனால் பரவாயில்லை, நான் கெட்டிக்காரி, டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்வேன். 'இ' பிரிவுக்குள் இனிமேல் போக முடியாது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது செய்தி பரவியிருந்தது. இசக்கிராஜா கரும்பலகையில் அன்றைய தலைப்பை எழுதிவைத்திருந்தான். 'அமலோற்பவம் டீச்சர் தேவையா, உபரியா?' வகுப்பின் முடிவு நாலு மணிக்குள் நடந்ததாகிவிடும் என்பதால், அலுவலக உத்தரவைவிட அதற்குப் பலம் அதிகம். இதை வரதப்பனே ஒப்புக்கொண்டார். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பு 'தேவை' என்று சொன்னால் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னார்.

வகுப்பில் வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை, ஏதாவது ஒரு பக்கம் உட்கார்ந்தாக வேண்டும் என்று தமீம் அவரிடம் சொன்னான். அவர் 'உபரி' பக்கம் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் 'தேவை' பக்கம் பாய்ந்தார்கள். பெஞ்சு கொள்ளாமல் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள். ஜன்னல் விளிம்பிலும் இரண்டு பேர்.

எனக்குப் பகீரென்றது. பாதி மணியை அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். என்னைக் காப்பாற்ற நினைத்திருந்தால் முதலில் 'உபரி' பக்கம் அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்? தினமும் பக்கம் மாறிப் பழகிய பிள்ளைகள். எனக்கு எதிராகப் போய் உட்கார ஒருவருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் நடுவர் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாதி கல்யாண வீடு மாதிரி இருந்தது. இசக்கிராஜா என் கையெழுத்தைப் பற்றியே மூன்று நிமிஷம் பேசினான். தமீம், அவன் வாப்பாவுக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் தண்ணீர் மோட்டார் விஷயத்தில் நடந்த சண்டையை, என் வகுப்பில் படித்ததை வைத்து ஏழு ஷரத்துகளில் தீர்த்துவைத்ததைச் சொன்னான். இப்போது மாடி வீட்டுக்காரர் பெருநாள் பிரியாணிக்கு வருகிறாராம். ஒரு பெண் என்னைப் பற்றிப் பேச எழுந்து அழுதுவிட்டு உட்கார்ந்தாள். அதற்கும் கைதட்டினார்கள். வரதப்பன் தன் முறை வந்தபோது ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். அதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

மணி அடிக்க வேண்டிய நேரம் வந்தது.

அடிக்காமல் விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஹெச்.எம். ஜன்னலுக்கு வெளியே நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மணியை எடுத்தேன். வழக்கத்தைவிடக் கனத்தது, ஒரு கைக்குப் பதில் இரண்டு கை தேவைப்பட்டது. இன்றைக்கு மட்டும் அடிக்காமல் விட்டால், மற்ற நாளெல்லாம் அடித்தது வேஷம் என்றாகிவிடும். அடித்தேன்.

நாற்பத்தொரு முகமும் ஒரே சமயத்தில் வெளிறியது.

"டீச்சர்," என்றான் இசக்கிராஜா. "இன்னைக்கு மட்டும் இருந்த எடத்துலயே இருக்கோமே."

நடுவரை டீச்சர் என்று கூப்பிடக் கூடாது என்றேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். வரதப்பன் எதிரே வந்தார். இடைவெளியில் அவருக்கு வழிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். எட்டாம் பெஞ்சுக்கு வந்திருந்த மின்விசிறி அசையாமல் நின்றது.

இப்போது என்னைக் காப்பாற்ற வேண்டியவர் வரதப்பன். எழுந்து நின்றார். டிபன் கேரியரைப் பார்த்தார். பிறகு யாரோ விட்டுவிட்டுப் போன பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்து, வெள்ளைப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"நடுவர் அவர்களே," என்றார் கடைசியில். "இந்தப் பக்கங்கள்ல செத்தவங்க யாரும் இல்ல. நான் போற பள்ளிக்கூடத்துல எல்லாம் புத்தகம் ரொம்பி வழியுது. அங்கெல்லாம் போய் டீச்சர் தேவைன்னு எழுதிட்டு வந்திருக்கேன். இங்க ஒரு அம்மா நடத்தி நடத்தி இவ்வளவு சண்டைய இல்லாம பண்ணிருக்காங்க. நடக்காத சண்டைக்கு ஆதாரம் கேட்டா அவங்க எங்கேருந்து குடுப்பாங்க? வெள்ளைத்தாள்தான் ஆதாரம். இவங்கள உபரின்னு சொன்னா, நான் இது வரைக்கும் எழுதின அத்தனையும் தப்பு."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் ஒருவரும் எழவில்லை. எழாவிட்டால் வரதப்பன் பக்கம் ஜெயித்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.

அப்போது இரண்டாம் பெஞ்சுப் பேச்சித்தாய் எழுந்தாள். இவள் மாதத்துக்கு ஒருமுறைதான் பேசுவாள். போன முறை பேசியபோதுதான் பேரரசு போயிற்று.

"நடுவர் அவர்களே," என்றாள். "டீச்சர் இன்னும் வேணும்னு சொன்னா, அவிய எங்களுக்கு ஒழுங்கா சொல்லித் தரலன்னுதான அர்த்தம்? எதிரணி வேணும்னா அப்படிச் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். அவிய எங்களுக்கு எல்லாத்தையும் சொல்லித் தந்துட்டாவ. மணி அடிச்சா, அழுதுக்கிட்டாவது பக்கம் மாறுதோம். இதுக்கு மேல சொல்லித்தர அவியகிட்ட ஒண்ணும் இல்ல. அதனால அவிய உபரி."

உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

நான் பேனாவை மூடினேன். இந்த வாதத்துக்குப் பதில் இல்லை. பெற்ற அம்மாவே எதிரே இருந்தாலும் இதற்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வழக்கம்போல் முதலில் இரண்டு அணியையும் பாராட்டினேன். வரதப்பனுக்கு முதல் முறை என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன். பிறகு அமலோற்பவம் டீச்சர் உபரி என்று தீர்ப்புச் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகப் பெருமை வந்தது. இரண்டும் ஒரே வாசலில் நுழையப் பார்த்ததால் வெளியே ஒரு விக்கல்தான் கேட்டது.

வழக்கமாக நாலு மணி வரை ஆகும். அன்று உடனே அமலாகிவிட்டது. தோளிலிருந்து ஸ்டிக்கர் உதிர்ந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். பேனா வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் வகுப்பைவிட்டு யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. டீச்சராக இல்லாவிட்டால் பெஞ்சில் உட்காரலாம், பெஞ்சில் உட்கார யாரும் உபரி இல்லை என்று தமீம் விதி சொன்னான். அப்படி ஒரு விதி காலையில் இல்லை.

மதியம் என் டப்பாவைத் திறந்தேன். நான் இல்லாமல் போனதோடு காலையில் கட்டிவந்த சாப்பாடும் இல்லாமல் போயிருந்தது. வரதப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேரியரைப் பிரித்தார். ஐந்து அடுக்கு. புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம், அப்பளம், மேல் அடுக்கில் கொஞ்சம் கேசரி. வீட்டம்மா எப்போதும் இரண்டு பேருக்குச் சேர்த்துத்தான் கட்டுவாராம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். பாதியைத் திரும்பக் கொண்டுபோவாராம். நான் பசியில் பேசாமல் சாப்பிட்டேன். கேசரியை அவர் தொடவே இல்லை, என் பக்கம் தள்ளிவைத்தார்.

சாப்பிட்டு முடித்து அவர் கிளம்பினார். காலையில் ஒரே எட்டாக இருந்த வராந்தா இப்போது கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நீண்டு கிடந்தது. அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் பக்கத்தில் இடம் இருந்தது.

மதியம் ஆறாவது பீரியடுக்குப் பேச்சித்தாயை நடுவராகப் போட்டார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், கால் தரைக்கு எட்டவில்லை. தலைப்பு: 'பேசித் தீராத பகை உண்டா?' ஒவ்வொருவரிடமும் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என்னிடமும் கேட்டாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். 'உண்டு' என்று வந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேசு பேசு என்று இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பேச்சால் ஒன்றும் தீராது என்பதுதான் என் மனசில் இருந்தது. வகுப்பில் தீருகிறது, அது வகுப்பு. வெளியே மனிதர்கள் செத்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மூன்று நிமிஷமும் இதையே சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசானது. உதாரணம் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த வரதப்பனைக் கையைக் காட்டினேன். இவர் காலையில் என் தோளில் எண் ஒட்டினார், இந்தக் கோபம் எத்தனை பேசினாலும் தீராது, என் கூடவே சுடுகாடு வரைக்கும் வரும் என்றேன். வரதப்பன் தலையாட்டினார். அவரும் என் பக்கம்தான்.

பேச்சித்தாய் மணியை அடித்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து எதிர்ப்பக்கம் போனோம். நாற்பது பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். இப்போது எல்லாப் பகையும் பேசித் தீரும் என்று நான் நிரூபிக்க வேண்டும். அவர்கள் நான் சொன்னதையே எடுத்து என்னைச் சாத்தினார்கள். சுடுகாடு வரைக்கும் வரும் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்னது யார் என்று இசக்கிராஜா கேட்டான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. எனக்கு வியர்த்தது. ஆதாரம் எதுவும் தோன்றவில்லை. பயல்கள் நன்றாகப் பேசினார்கள்.

பேச்சித்தாய் என்னை நேராகப் பார்த்தாள்.

"அந்தக் கோவம் இப்ப இருக்கா?"

நடுவர் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. நான் தேடினேன். காலையில் நடுங்கிய கையில் தேடினேன், நெஞ்சுக்குள் தேடினேன். வரதப்பனைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காக ஏதோ குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மீசையில் ஒரு கடலைப்பருப்பு ஒட்டியிருந்தது.

"இல்ல, நடுவர் அவர்களே," என்றேன்.

"எங்க போச்சு?"

"தெரியல. சத்தியமாத் தெரியல."

அவள் இரண்டு அணியையும் பாராட்டினாள். பேசித் தீராத பகை இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இப்போது மூன்றரை, இது நாலு மணிக்குத்தான் அமலுக்கு வரும், அதற்குள் யாருக்காவது சண்டை போட வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தாள்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.